ஆசியா என்னும் அருமைப் பெயர்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ளது திருவரங்குளம். அவ்வூரில் ஓர் இல்லத்தில் அண்மையில் பெண் மகவு ஒன்று பிறந்தது. ஏழாம் நாள் தலைமுடி களைந்து, அகீகா கொடுத்து, குழந்தைக்குப் பெயர் சூட்ட எண்ணினர். தாயைப் பெற்ற பாட்டியாரின் பெயரையே பேத்திக்கு இடுவதென்று வீட்டார் முன்னரே பேசி முடித்திருந்தனர். பாட்டியாரின் பெயர் ஆசியம்மாள். ஆதலின் குழந்தைக்கு ஆசியா என்று பெயர் வைப்பதாக முடிவாயிற்று.

பெயர் சூட்டும் நாளுக்கு முதல் நாள் மாலை உறவினரான இளைஞர் ஒருவர் வந்தார். தொழுகையில் பேணுதலும் மார்க்க நூல்களைப் படிப்பதில் ஆர்வமும் உடையவர். பெயரைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிற்று. “இந்தப் பெயர் கூடாது. ஆசியா என்றால் இறைவனுக்கு மாறு செய்பவள் என்று பொருள். பெருமானார் அவர்களே இந்தப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஹதீஸில் இருக்கிறது” என்றார். வீடு முழுவதும் அமைதியாயிற்று. குழந்தையின் தந்தைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்த பாட்டியார்தாம் மெல்லக் கேட்டார்: “அப்படியானால் எழுபது வருஷமாக எல்லாரும் என்னைப் பாவி என்றா கூப்பிட்டார்கள், தம்பி?”

அவ்வீட்டார் இதனை என்னிடம் சொன்ன நாள் முதல் அக்கேள்வி நெஞ்சை விட்டு அகலவில்லை. அந்தப் பாட்டியாருக்கும், அவரைப் போன்று அப்பெயரைத் தாங்கி வாழும் தாய்மார்களுக்கும் உரிய மறுமொழியைச் சொல்ல வேண்டியது நம் கடமையாகும்.

நபிமொழி மெய், பொருத்திய இடம் தவறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இளைஞர் பொய்யுரைக்கவில்லை. அவர் சுட்டிய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தியின்படி, மாறு செய்பவள் எனப் பொருள்படும் பெயரைத் தாங்கியிருந்த ஒரு பெண்மணிக்கு ஜமீலா, அதாவது அழகுடையவள், என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் மாற்றியருளினார்கள். அப்பெண்மணி உமர் (ரலி) அவர்களின் மகளார் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு.

ஆனால் அந்தப் பெண்மணியின் பழைய பெயரும் நம் பாட்டியாரின் பெயரும் ஒன்றல்ல. முன்னது அரபியில் ஐன் என்னும் எழுத்தில் தொடங்கும். இடையில் ஸாத் வரும். மாறு செய்தல் என்னும் பொருளுடைய ‘இஸ்யான்’ என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது அது. அறியாமைக் காலத்து அரபியர் எவருக்கும் பணியாத வீறுடையவர் என்னும் கருத்தில் அத்தகைய பெயர்களை விரும்பி இட்டனர் என்று அறிஞர்கள் விளக்குவர். ஆண்களுக்கு ஆஸ் என்று பெயரிட்டதும் அவ்வாறே. ஆஸ் என்னும் பெயருடைய ஒருவர் இஸ்லாத்தைத் தழுவியபோது, அவருக்கு முதீஉ, அதாவது கீழ்ப்படிபவர், என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பெயரிட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதே.

நம் பாட்டியாரின் பெயரோ ஹம்ஸாவில் தொடங்குவது. அதன் இடையில் வருவது ஸீன். நோய்க்கு மருந்திடுபவள், துயரத்தை ஆற்றுபவள், கட்டடத்தைத் தாங்கும் தூண் என்றெல்லாம் அரபு அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். வருந்துபவள் என்ற பொருளும் சொல்லப்படுவதுண்டு. மாறு செய்பவள் என்ற பொருள் அதற்கு எள்ளளவும் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வந்தது? நம் தமிழ் எழுத்திலிருந்து வந்தது. தொண்டையின் அடியில் பிறக்கும் ஹம்ஸாவுக்கும் தொண்டையின் நடுவில் பிறக்கும் ஐனுக்கும் தமிழில் வேறு வேறு எழுத்துகள் இல்லை. மெல்லிய ஸீனையும் கனத்த ஸாதையும் பிரித்துக் காட்டவும் எழுத்து இல்லை. ஆகவே இரு பெயர்களும் தமிழில் ‘ஆசியா’ என்றே ஆகிவிட்டன. போதாக்குறைக்கு நாம் வாழும் ஆசியாக் கண்டமும் அதே எழுத்துகளில் வந்து நிற்கிறது. கண்டத்தின் பெயர் கிரேக்கர் வழி வந்தது. பெண்ணின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அரபியில் எழுதினால் இவ்விரண்டின் கடைசி எழுத்துகளும் வேறாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் நடக்கும்போது ஆசியா என்னும் பெயருடைய மாணவியைப் பார்த்துத் தோழிகள் சிரிப்பதற்கும் இதுவே காரணம்.

எழுத்தொற்றுமையைக் கொண்டு பொருளை முடிவு செய்வதானால் நம் நிலை என்னாகும்? கல்பு என்று நெஞ்சத்தைக் குறிப்பிடுகிறோம். அரபியில் காஃப் என்னும் வல்லெழுத்துக்குப் பதிலாகக் கஃப் என்னும் மெல்லெழுத்தை இட்டால் அது நாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். தமிழில் எழுதினாலோ இரண்டும் ‘கல்பு’தான். அதற்காகக் கல்பு என்னும் சொல்லை நாம் கைவிட்டோமா? ஐனில் தொடங்கும் அலீம், அனைத்தையும் அறிபவன் என்னும் இறைத் திருநாமம். ஹம்ஸாவில் தொடங்கும் அலீம், துன்புறுத்துவது என்று பொருள்படும். கடும் வேதனையைக் குறிக்கத் திருக்குர்ஆனிலேயே பன்முறை வரும் சொல் அது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்துகளே. அப்துல் அலீம் என்னும் பெயரை மாற்றுங்கள் என்று எவரும் சொன்னதில்லை. ஆண்பிள்ளைகளின் பெயருக்குக் கொடுக்கும் நிதானத்தைப் பெண்பிள்ளைகளின் பெயருக்கும் கொடுக்க வேண்டாவா?

திருவரங்குளத்தாருக்கு இதனை விளக்குவது எளிது. அவ்வூர்ப் பெயரில் ‘குள’ என்னும் ஈரெழுத்து ‘க’ என்று மாறிவிட்டால் திருவரங்கமாகிவிடும். கடிதம் காவிரிக்கரைக்குப் போய்ச் சேரும். ஊரின் பெயருக்கே இவ்வளவு கவனம் வேண்டுமாயின், ஒரு பெண்ணின் மானம் சார்ந்த பெயருக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இறைமறை போற்றும் மாதரசி

இனி இப்பெயர் எவருடையது என்பதைக் காண்போம்.

திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண்மணி மர்யம் (அலை) அவர்கள் ஒருவரே. ஏனைய பெண்டிர் இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே சுட்டப்படுகின்றனர். அவ்வாறு பிர்அவ்னின் மனைவி என்று இறைமறை சுட்டும் மாதரசியாரின் பெயர் ஆசியா என்பதை நமக்கு அறிவித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஆடவரில் பலர் நிறைநிலை எய்தினர், பெண்டிரில் பிர்அவ்னின் மனைவியார் ஆசியாவும் இம்ரானின் மகளார் மர்யமும் அந்நிலை எய்தினர் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மற்றொரு முறை பெருமானார் (ஸல்) அவர்கள் தரையில் நான்கு கோடுகளை வரைந்து, சுவனத்துப் பெண்டிருள் சிறந்தோர் கதீஜா, பாத்திமா, ஆசியா, மர்யம் ஆகிய நால்வர் என்று அறிவித்ததை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள். அவ்வறிவிப்பில் ஆசியா நாயகியாரின் தந்தையார் பெயர் முஸாஹிம் என்பதும் வருகிறது.

கூடாத பெயர் என்றால் பெருமானார் (ஸல்) அவர்கள் கதீஜா, பாத்திமா ஆகிய தம் மனைவியார், மகளார் பெயர்களுக்கு இடையே அதனை வைத்து மொழிந்திருப்பார்களா? இவ்வொரு வினாவே போதும்.

அவர்களின் வரலாறு நாம் அறியாததன்று. இஸ்ரவேலர் குலத்து ஆண்மக்களைக் கொன்று குவித்த கொடுங்கோலனின் அரண்மனையில் அவர்கள் அரசியாக இருந்தார்கள். ஆற்றில் மிதந்து வந்த பேழையிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தை மூஸா (அலை) அவர்களைக் கண்டதும், இக்குழந்தை நமக்குக் கண்குளிர்ச்சியாக இருக்கட்டும், கொல்ல வேண்டா, நாம் மகனாக எடுத்துக்கொள்ளலாம் என்று கணவனிடம் எடுத்துரைத்தவர்கள் அவர்களே. கஸஸ் என்னும் 28ஆம் அத்தியாயம் இதனைக் கூறுகிறது. கொல்லும் ஆணை நாடெங்கும் நடந்துகொண்டிருந்த வேளையில், ஆணையிட்டவனின் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் நின்று ஒரு பிள்ளையைக் காத்தார்கள்.

பின்னர் மூஸா (அலை) அவர்கள் தூதராக வந்தபோது அந்த அம்மையார் ஈமான் கொண்டார்கள். அதன் பொருட்டுப் பிர்அவ்ன் அவர்களை ஆணிகளில் பிணித்து வதைத்தான் என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். அந்நிலையில் அவர்கள் கேட்ட துஆவை 66ஆம் அத்தியாயமான தஹ்ரீம் நமக்குத் தருகிறது. இறைவா, உன்னிடத்தில் எனக்குச் சுவனத்தில் ஓர் இல்லம் அமைத்துத் தருவாயாக, பிர்அவ்னிடமிருந்தும் அவன் செயலிலிருந்தும் அநீதி செய்யும் கூட்டத்திடமிருந்தும் என்னைக் காப்பாயாக என்பதே அதன் கருத்தாகும். இல்லத்தைக் கேட்பதற்கு முன் ‘உன்னிடத்தில்’ என்று கேட்டார்கள்; வீட்டுக்கு முன் அண்டையைத் தேர்ந்தார்கள் என்று அறிஞர்கள் இதனை நயம் பாராட்டுவர். மிசுர் நாட்டு அரண்மனையில் வாழ்ந்தவர்கள் இறைவனிடம் ஒரு வீடு கேட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அதே அத்தியாயத்தில், இதற்கு முந்தைய வசனத்தில், நூஹ் (அலை), லூத் (அலை) ஆகிய இரு நபிமார்களின் மனைவியர் நிராகரித்தோருக்கு உதாரணமாகக் காட்டப்படுகின்றனர். நபியின் வீட்டில் வாழ்ந்தும் அவர்களுக்குப் பயனில்லை; கொடியவன் வீட்டில் வாழ்ந்தும் ஆசியா நாயகியாருக்குக் கேடில்லை. பெண்ணின் ஈமான் அவளுக்கே உரியது, கணவனின் நிழலில் நிற்பதன்று என்னும் பேருண்மையை இறைவன் இவ்வாறு உணர்த்துகிறான். அதிலும் பெண்ணினத்துக்கு மட்டுமின்றி, ஈமான் கொண்டோர் அனைவருக்கும் அவ்வம்மையாரை உதாரணமாக்குகிறான். ஆடவரும் பின்பற்ற வேண்டிய ஒரு பெண்ணின் பெயரையா கூடாத பெயர் என்பது?

நம் இல்லங்களில் வழங்கிய வரலாறு

இப்பெயர் நம் நாட்டில் வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. தஹ்ரீம் அத்தியாயத்தில் ஆசியா நாயகியாரை அடுத்த வசனத்திலேயே மர்யம் (அலை) அவர்கள் போற்றப்படுகிறார்கள். நம் குடும்பங்களில் ஆசியா மரியம் என்று இரு பெயர்களையும் இணைத்து ஒரே பெண்ணுக்கு இடும் வழக்கம் இவ்வரிசைக்கு இசைவாக அமைந்துள்ளது. மவ்லிது நூல்களுள் ஒன்றான பர்ஸன்ஜி மவ்லிதிலும், பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த இரவில் ஆமினா அம்மையாருக்குத் துணையாக ஆசியாவும் மர்யமும் வந்திருந்ததாகக் கூறப்படுகிறது. அச்செய்தியின் வலுவைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மவ்லிது ஓதப்பட்ட இல்லங்களில் இவ்விரு பெயர்களும் சேர்ந்தே செவியில் விழுந்தன என்பதில் ஐயமில்லை.

தமிழ் மண்ணில் வேரூன்றிய இப்பெயர் ஆசியம்மாள், ஆசியா உம்மாள், ஆசியா பீவி என்று நம் மொழிக்கும் முறைக்கும் ஏற்ப உருக்கொண்டது. அம்மாளும் உம்மாளும் சேர்ந்தபோது மிசுர் நாட்டு அரசியார் நம் வீட்டுப் பெரியவராகிவிட்டார். கடல் கடந்தும் இப்பெயர் வழங்குகிறது. துருக்கியர் ஆசியே என்பர். மலாய் மக்கள் ஆசியா என்றும் சித்தி ஆசியா என்றும் பெயரிடுவர்.

கீழக்கரையில் வாழ்ந்த செய்யிது ஆசியா உம்மாள் அவர்கள் மெய்ஞ்ஞானப் பாடல்களைப் பாடிய பெண் புலவர். மெய்ஞ்ஞான தீப இரத்தினம் என்னும் நூல் அவர்களுடையது. ஆலிம்கள் நிறைந்த ஓர் ஊரில், அரபு மொழியின் நுட்பங்களை அறிந்தோர் நடுவில், அப்பெயருடனேயே அவர்கள் வாழ்ந்து மதிக்கப்பெற்றார்கள். நம் முன்னோர் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை, எழுதிப் படித்தவர்கள். அவ்வெழுத்தில் அரபுப் பெயர்கள் தமக்குரிய எழுத்துகளுடனேயே நிற்கும். ஐனா ஹம்ஸாவா, ஸீனா ஸாதா என்ற ஐயம் எழ இடமில்லை. அவ்வெழுத்து வழக்கு நம்மிடம் அருகிவிட்டது. எழுத்து போனதும் பொருளும் தடுமாறத் தொடங்கிற்று.

இளந்தலைமுறையில் இப்பெயர் குறைந்து வருவதை நம் குடும்பங்களில் காண்கிறோம். செவிக்கு இனிய புதுப் பெயர்களைத் தேடுவோர் இதனைப் பாட்டிமார் பெயர் என்று ஒதுக்குகின்றனர். ஆனால் இப்பெயர் பழமையானதால் எவருடைய முன்னேற்றமும் தடைப்படவில்லை. நாமக்கல் மாவட்ட ஆட்சித் தலைவராகப் பணியாற்றியவர் ஆசியா மரியம். 2021ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறை உளவுப் பிரிவின் ஐ.ஜி. பொறுப்புக்கு வந்த முதல் பெண் அதிகாரி ஆசியம்மாள். பாட்டிமாரின் பெயர்கள் ஆட்சிப் பணியிலும் காவல் பணியிலும் தலைநிமிர்ந்து நிற்கின்றன.

திருத்தும் முறை

பெயர்களைத் திருத்தவே கூடாது என்று நான் கூறவில்லை. தீய பொருள் தரும் பெயரை மாற்றுவது நபிவழி. அதனை மறுப்பதற்கில்லை. ஹதீஸைப் படித்துவிட்டுப் பேசும் இளைஞரை ஏளனம் செய்து, ‘நேற்றுப் பிறந்தவனுக்கு என்ன தெரியும்’ என்று விரட்டும் பெரியவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. மார்க்கத்தின் மீதுள்ள அக்கறையால்தான் அவர் பேசினார்.

ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் திருத்திய முறையைப் பாருங்கள். கரடுமுரடு என்று பொருள்படும் ஹஸ்ன் என்னும் பெயருடைய ஒருவரிடம், உம் பெயர் ஸஹ்ல், அதாவது எளிமை, என்று இருக்கட்டும் என்றார்கள். என் தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்றார் அவர். பெருமானார் (ஸல்) அவர்கள் அவரை வற்புறுத்தவில்லை. அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் கடுமை நீங்கவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னு முஸய்யப் பிற்காலத்தில் கூறியதைப் புகாரியில் காணலாம். பெயரின் பொருளைத் தெளிவாக அறிந்து, உரியவரிடமே, கனிவோடு சொல்லுதலே நபிகளார் காட்டிய முறை. பெயரின் எழுத்தையும் அறியாமல், கூட்டத்தின் நடுவே, எழுபது வயதுத் தாயின் முகம் வாடுமாறு சொல்லுதல் அம்முறையாகாது.

‘ஐயத்துக்கு இடமானதை விட்டுவிடுவதுதானே பேணுதல்? வேறு பெயர் வைத்துவிட்டால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். பெயரில் ஐயம் இருந்தால் விடலாம். இங்கு ஐயம் பெயரில் இல்லை. நம் அறிவில் இருந்தது. அறிவால் நீக்கக்கூடிய ஐயத்துக்காக நல்ல பெயரை விட்டுவிட்டால், அடுத்த தலைமுறை அதனைத் தீய பெயர் என்றே உறுதியாக நம்பும். பாட்டியின் பெயரைச் சொல்ல வெட்கப்படும் பேரப்பிள்ளைகள் உருவாவார்கள். சான்றிதழ்களில் உள்ள பெயரை மாற்ற அரசிதழ் அலுவலகத்துக்கு அலையும் வீண் சிரமமும் வரும். சுவனத்து நால்வருள் ஒருவரின் நினைவு நம் வீடுகளிலிருந்து நீங்குவதே பேரிழப்பாகும்.

ஆகவே பெற்றோர் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பெயரிடும்போது அதனை அரபு எழுத்தில் ஓர் ஆலிமைக் கொண்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிக்காஹ் பதிவேட்டிலும் அவ்வாறே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கண்டத்தின் பெயரைப் போல் எழுதாமல், ‘ஐ’ என்னும் எழுத்துக்குப் பின் ‘ஒய்’ சேர்த்து எழுதுங்கள். ஐயம் எழுந்தால் ஒரே மாலையில் முடிவு செய்ய வேண்டியதில்லை; பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமின்றி அவகாசம் உண்டு. அதற்குள் கற்றறிந்தவரிடம் கேட்டுத் தெளியலாம்.

திருவரங்குளத்து இல்லத்திலும் அதுவே நடந்தது. மறுநாள் காலை வந்த இமாம் ஒரு தாளை வாங்கி இரு பெயர்களையும் அரபியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். இளைஞர் தாமே இரண்டையும் உச்சரித்துப் பார்த்தார். பின்னர் எழுந்து சென்று பாட்டியாரிடம், “என் தவறுதான், நன்னி. பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார். குழந்தைக்கு ஆசியா என்றே பெயர் சூட்டப்பட்டது. அந்தத் தாளைப் பாட்டியார் தம் குர்ஆன் பிரதிக்குள் வைத்துக்கொண்டார்.

ஆசியா என்னும் பெயருடைய தாய்மார்களே, சகோதரிகளே! உங்களை அழைப்போர் உங்களைப் பாவி என்று அழைக்கவில்லை. கொடியவனின் அரண்மனையை உதறி, இறைவனின் அண்மையைக் கேட்ட மாதரசியாரின் பெயரால் அழைக்கின்றனர். அப்பெயருக்கேற்ற உறுதியை உங்களுக்கும், அதனைக் காக்கும் தெளிவை எங்களுக்கும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.